கிழவி வேடம் யாருக்கு?

நீர்வேலிச் சந்தியிலிருந்து உட்புறமாகச் செல்லும் ஒழுங்கைகளின் இருமருங்கும் வாழைத் தோட்டங்கள். குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் அத்தோட்டங்களைக் கடந்து, அண்மையில் ஒரு மாலைப்பொழுது, பாடசாலை மண்டபமொன்றுக்கு நாம் செல்ல நேர்ந்தது. கலைவிழாவுக்கென மாணவியர் ஒரு நாடகம் பழகிக்கொண்டிருந்தனர். வந்து பார்த்துக் கருத்துச் சொல்லும்படி, அதனைப் பழக்கும் ஆசிரியை அழைத்திருந்தார்.

நாடகம் புதியதன்று, பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓராள் வந்து கரையடைக்க வேண்டுமெனப் பாண்டியன் பறையறைவிக்கிறான். ஆளற்ற வந்திக் கிழவிக்கு, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, சொக்கநாதரே கூலியாளாக வருகிறார். நம்மூர்க் கோயில்களிலே புராண படனத்தில் கேட்டுக் கேட்டுக் குழந்தைகளுக்கும் மனப்பாடமான கதை.

மண்டபத்து மூலையில் ஒரு மாணவி அழுத முகத்துடன் நின்றாள். பதினான்கு வயதிருக்கும். அவளுக்கு வாய்த்தது வந்திக் கிழவி வேடம். அவள் விரும்பியதோ பாண்டிமாதேவி வேடம். முடியும் பட்டுச்சேலையும் பாண்டிமாதேவிக்குத்தானே உண்டு? தலையில் மாவைப் பூசி, கூனிக் குறுகி, கோலூன்றி மேடைக்கு வருவதை எண்ணவே அவளுக்கு வெட்கமாயிருந்தது. பிள்ளையைக் கூட்டிச் செல்ல வந்திருந்த தாயாரும் மகள் பக்கமே நின்றார்.

“நல்ல வடிவான பிள்ளைக்குக் கிழவி வேசம் குடுத்தால் சனம் என்ன சொல்லும், ரீச்சர்?”

ஆசிரியை நம்மைப் பார்த்தார். இக்கட்டான நிலைமைதான். பாண்டிமாதேவிக்கு அந்நாடகத்தில் உள்ள வேலை மிகச் சொற்பம். அரசன் கூலியாளைப் பிரம்பால் அடிக்கும்போது அவ்வடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுகிறதல்லவா? அவ்வேளை அரண்மனையில் அவளும் ஒருமுறை துடிக்க வேண்டும், அவ்வளவே. வந்தியோ அழவேண்டும், சிரிக்கவேண்டும், பிட்டு அவிக்கவேண்டும், வந்தவன் யாரென்று அறியாமலே அவனை ஏசவும் வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். பயனில்லை. இறுதியில் வேறொரு வழியை நாடினோம்.

“மனோரமாவைத் தெரியுமோ, பிள்ளை?”

“ஓம் சேர். ‘சிங்கம்’ படத்திலை பாட்டியாய் வாறவ. அவவுக்கென்ன, அவ எப்பவும் கிழவிதானே?”

இம்மறுமொழி நம்மைத் திடுக்கிடச் செய்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையைக் குறை கூறல் ஆகாது. ‘சிங்கம்’ வெளிவந்த 2010ஆம் ஆண்டில் மனோரமாவுக்கு வயது எழுபத்து மூன்று. அதற்கு முந்திய அரை நூற்றாண்டை அவள் எங்ஙனம் அறிவாள்? அன்று சொல்லத் தொடங்கிய கதையை முடிக்க நேரம் போதவில்லை. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

பள்ளத்தூர்ச் சிறுமி

மனோரமா 1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியிலே பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை மற்றொரு மணம் செய்துகொண்டதன் பின் தாயார் ராமாமிர்தம் குழந்தையுடன் வெளியேறி, காரைக்குடிக்கு அண்மையிலுள்ள பள்ளத்தூரிலே குடிபுகுந்தார். வீட்டு வேலை செய்து மகளைப் படிக்க வைத்தார். தாய் நோயில் விழவே, பதினொரு வயதில் மகளின் படிப்பு நின்றது. மகளும் வீட்டு வேலைக்குப் போனாள். இந்த வீட்டு வேலைச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

பன்னிரண்டு வயதளவில் வாய்ப்பு ஒன்று வாசலுக்கே வந்தது. பள்ளத்தூருக்கு வந்த நாடகக் குழு ஒன்றில் சிறு வேடத்துக்குரிய நடிகைக்குப் பாட வரவில்லை. ஊரிலே நன்றாகப் பாடும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள் என்று அறிந்து அவளை மேடையேற்றினர். நாடகத்தின் பெயர் ‘அந்தமான் காதலி’. பின்னர், இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் அவளுக்கு ‘மனோரமா’ என்று புதுப் பெயர் சூட்டினர். நடிகைக்குப் பெயரிடுவதில் ஆர்மோனியக்காரருக்கும் பங்கு இருந்ததைப் பாருங்கள்! அக்கால நாடகத்தில் குரலே முதல், முகம் அடுத்ததுதான்.

பிற்காலத்தில் அவரைத் தமிழ்நாடு முழுவதும் ‘ஆச்சி’ என்று அழைத்தது. செட்டிநாட்டில் வளர்ந்ததனால் வந்த பெயர் அது. அங்கே மரியாதைக்குரிய பெண்மணிகளை ஆச்சி என்பர். யாழ்ப்பாணத்தவராகிய நமக்கோ ஆச்சி என்றால் பாட்டி. ‘அவ எப்பவும் கிழவிதானே’ என்று நீர்வேலிப் பிள்ளை சொன்னதற்கு இப்பெயரும் ஒரு காரணமோ என்னவோ!

மேடை தந்த கல்வி

வைரம் நாடக சபாவில் நடித்த மனோரமா, பின்னர் எஸ். எஸ். இராஜேந்திரனின் நாடக மன்றத்திற் சேர்ந்தார். ‘மணிமகுடம்’, ‘தென்பாண்டி வீரன்’, ‘புதுவெள்ளம்’ முதலியன அங்கே அவர் நடித்த நாடகங்கள். திராவிட இயக்கம் நாடக மேடையைத் தன் பிரசார மேடையாகக் கொண்டிருந்த காலம் அது. அண்ணாதுரையும் கருணாநிதியும் எழுதியதோடு நில்லாமல் வேடங் கட்டி நடிக்கவும் செய்தனர். அவ்விருவருடனும் மேடையில் நடித்தவர் மனோரமா. பின்னர் எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்து என். டி. ராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்தார். முதலமைச்சர் பதவியேறிய ஐவருடன் நடித்த நடிகை என்று அவரைச் சொல்வது இதனாலேதான்.

அந்த மேடை எத்தகைய பள்ளிக்கூடம் என்பதை நம் பகுதியின் மூத்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து இங்கே நடித்ததன் பயனாகவே யாழ்ப்பாணத்து இசை நாடகம் வளர்ந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ ஆடாத கோயில் வீதி குடாநாட்டில் எங்கே உண்டு? பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், பாய் விரித்து அமர்ந்த சனத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, விடியும்வரை பாடவேண்டும். தமிழகத்திலே ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஒன்று இருந்தது. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வருவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றிரவே மேடையேறிச் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தையோ ‘பவளக்கொடி’யையோ நடத்தி முடிப்பார்கள். எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது எவருக்கும் தெரியாது. ஆதலின் தன் பாடத்தோடு எதிராளியின் பாடத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓர் இரவு வராதவரின் வேடத்தை மற்றொருவர் கட்டவேண்டி நேரும். இன்று தோழி, நாளை அரசி, மறுநாள் அரசியின் மாமி!

இந்தப் பழக்கந்தான் மனோரமாவை வெள்ளித்திரையிலும் காத்தது என்பது நமது துணிபு. ‘எனக்குரிய வேடம்’ என்று ஒன்றை அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கதாநாயகியா, நகைச்சுவை நடிகையா?

சினிமா அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. முதலில் ஒப்பந்தமான படங்கள் இரண்டு பாதியிலே நின்றுபோயின. 1957இல் ‘சுகுமாலி’ என்ற படத்தில் கதாநாயகியின் தோழியாக ஆடும் சிறு வேடம் கிடைத்தது. அது தமிழ்ப் படமன்று; சிங்களப் படம்! வாசகர்கள் வியப்படையலாம். ஆனால் அக்காலத்துச் சிங்களப் படங்கள் பல தென்னிந்தியாவின் படப்பிடிப்பு நிலையங்களிலேயே உருவாயின. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ மதுரையிலே எடுக்கப்பட்டது. அதுவும் மேடை நாடகத்திலிருந்து திரைக்குப் போன கதையே. ஆகவே நம் நாட்டுப் படமொன்றின் வழியாகவே மனோரமா சினிமாவுக்குட் புகுந்தார் என்று நாம் சிறிது பெருமை கொண்டாடுவதிற் குற்றமில்லை.

அடுத்த ஆண்டு கவிஞர் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ என்ற படத்தைத் தயாரித்தார். அதில் மனோரமாவுக்கு அவர் கொடுத்தது காகா ராதாகிருஷ்ணனுக்கு இணையான நகைச்சுவை வேடம். மனோரமாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. மணவாழ்வு அதற்கு முன்பே முறிந்துவிட்டது. மகன் பிறந்த சில நாள்களிலே கணவர் விலகிச் சென்றார். வீட்டில் நோயாளித் தாயும் கைக்குழந்தையும். இந்த நிலையில் நகைச்சுவை வேடத்தை ஏற்பதா, மறுப்பதா? அந்தக் காலச் சினிமாவில் ஒரு முறை சிரிப்பு நடிகை என்று பெயர் வந்துவிட்டால், அழகிய கதாநாயகி வேடத்தின் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். நீர்வேலி மண்டபத்து மூலையில் நின்று அழுத பிள்ளையின் கவலைதான் இதுவும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளை மறுத்துவிட்டு வீடு போகலாம். மனோரமாவுக்கு மறுத்தால் அடுப்பு எரியாது.

ஏற்றுக்கொண்டார். தம்மால் நகைச்சுவை நடிக்க முடியும் என்று தமக்கே தெரியாதிருந்த வேளையில் நம்பியவர் கண்ணதாசனே என்று பிற்காலத்தில் நன்றியோடு சொல்லி வந்தார். கதாநாயகி வேடத்தையே நாடியிருந்தால் நாலைந்து ஆண்டுகளில் துறையை விட்டே வெளியேறியிருக்கக் கூடும் என்பதும் அவர் பேட்டிகளிற் கூறிய கருத்து. அவர் கதாநாயகியாகவும் நடித்ததுண்டு. 1963இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘கொஞ்சும் குமரி’யில் அவரே நாயகி. ஆனால் அதன் பின்னும் அவர் நகைச்சுவைப் பக்கமே திரும்பினார். அதில் நமக்கு வியப்பில்லை.

சிரிப்பொலி கேளாத மேடை

மேடையிலிருந்து திரைக்குப் போவது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது போன்ற எளிய காரியமன்று. மேடையில் உரக்கப் பேசிப் பழகியவர், தலைக்கு மேல் ஒலிவாங்கி தொங்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டும். தூரத்து வரிசைக்குத் தெரியும்படி புருவத்தை நெரித்தவர், முகத்துக்கருகே கமரா வந்துவிட்டால் அதை அடக்க வேண்டும். நாடகம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இரவில் ஓடும். படப்பிடிப்பிலோ இறுதிக் காட்சியை முதல் நாளும் முதற் காட்சியைக் கடைசி நாளும் எடுப்பர்.

எல்லாரினும் பெரிதும் இடர்ப்படுபவர் நகைச்சுவை நடிகர். மேடையில் ஒரு வேடிக்கை வார்த்தை சொன்னால் சபை சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருந்து அடுத்த வார்த்தையைச் சொல்வார். அந்தக் காத்திருப்பிலேதான் நகைச்சுவையின் உயிர் இருக்கிறது. படப்பிடிப்பு நிலையத்திலோ எவரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அதுவும் பதிவாகிவிடும். மாதங்கள் கழிந்தபின், எங்கோ ஓர் ஊர்த் தியேட்டரில் எழப்போகும் சிரிப்பை முன்கூட்டியே மனத்திற் கேட்டு, அதற்கு இடம் விட்டு நடிக்க வேண்டும். ஆயிரம் இரவு சபையின் முன் நின்றவரின் காதில்தான் அந்தச் சிரிப்பு ஒலிக்கும். நாகேஷ், தங்கவேலு என்று எண்ணிப் பாருங்கள். இருவரும் மேடை கண்டவர்களே.

நாகேஷும் மனோரமாவும் சேர்ந்தால் இது நன்கு தெரியும். 1967இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அனுபவி ராஜா அனுபவி’யில் இருவரும் தூத்துக்குடிப் பேச்சைப் பேசிக்கொண்டு வருவார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கும் லாவகம் ஸ்பெஷல் நாடகத்துத் தர்க்கப் பாட்டை ஒத்தது. மறு ஆண்டு ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைச் சேரிப் பேச்சிலமைந்த பாடலொன்றைத் தம் சொந்தக் குரலிலேயே பாடி நடித்தார். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவருக்குச் சென்னைப் பேச்சு எங்கிருந்து வந்தது? ஊர் ஊராய்ச் சுற்றிய நாடகக்காரியின் காது ஊருக்கொரு பேச்சைச் சேர்த்து வைத்திருந்தது என்று கொள்ளலாம்.

ஜில் ஜில் ரமாமணி

அதே 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வர வித்துவானாக சிவாஜி கணேசன், நாட்டிய மங்கையாகப் பத்மினி, தவில்காரராக டி. எஸ். பாலையா, வைத்தியாக நாகேஷ். இவர்களில் நாடக மேடையை அறியாதவர் எவர்? சிவாஜியும் பாலையாவும் சிறு பிராயத்திலேயே நாடகக் கம்பனி வாழ்வு வாழ்ந்தவர்கள். இயக்குநர் நாகராஜனும் அவ்வாறே. பத்மினி நாட்டிய மேடையிலிருந்து வந்தவர்.

இத்தனை பேருக்கு நடுவே மனோரமாவுக்குக் கிடைத்த வேடம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் நடிகை, ஜில் ஜில் ரமாமணி. சொந்தப் பெயர் கருப்பாயி. மேடைக்காக வந்த பெயர் ரமாமணி. கோபிசாந்தா மனோரமாவானதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியுமா? ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் அவர் வரும் நேரம் குறைவே. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் நாதஸ்வரத்துக்கு அடுத்தபடி அவரையே சொல்வார்கள்.

ஏன் அப்படி? அந்த வேடத்தை வெறும் கோமாளித்தனமாக ஆக்கியிருக்கலாம். பட்டிக்காட்டுப் பேச்சு, பவுடர் பூசிய முகம், மிடுக்கான நடை: சிரிப்பு மூட்ட இவை போதும். மனோரமா அவ்வாறு செய்யவில்லை. பெரிய வித்துவானின் முன்னால் நிற்கும் சிறிய கலைஞியின் பயபக்தியை அந்தச் சிரிப்புக்குள் வைத்தார். அவர் வாசிப்பை ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆவல். தன்னையும் ஒரு கலைஞியாக அவர் மதிக்க வேண்டும் என்ற ஏக்கம். மதித்துவிட்டார் என்றதும் முகத்தில் வரும் மலர்ச்சி. சபையில் நட்டுவாங்கமும் நாதஸ்வரமும் பெற்ற மரியாதை, கொட்டகை நாடகக்காரிக்கு என்றுமே கிடைத்ததில்லை. ‘கூத்தாடி’ என்பது நம் நாட்டிலும் வசைச் சொல்லாகத்தானே இருந்தது? அந்த அவமதிப்பு முழுவதையும் அறிந்த ஒருத்தி, கண்ணீர் விடாமல், சிரித்துக்கொண்டே அதைக் காட்டினாள். திரைப்படத்தில் நாடக நடிகையைப் பற்றி வந்த சித்திரங்களுள் இதற்கு மேலான ஒன்றை நாம் கண்டதில்லை.

வேலைக்காரியும் தாயும் பாட்டியும்

அதன் பின்னர் அவர் ஏற்ற வேடங்களைப் பட்டியலிடின் இந்தப் பக்கம் போதாது. ஆயிரம் படங்களைக் கடந்தவர் என்று கின்னஸ் நூலிற் பெயர் பெற்றவர் அவர். ஹிந்தியில் மெஹ்மூதுடன் 1974இல் ‘குன்வாரா பாப்’. தெலுங்கில் 2009இல் ‘அருந்ததி’. மலையாளம், கன்னடத்திலும் படங்கள் உண்டு. நம் மனத்தில் நிற்கும் சிலவற்றையே குறிப்பிடுவோம்.

வீட்டு வேலைச் செய்தியை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? 1986இல் வெளிவந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் மனோரமாவுக்குக் கண்ணம்மா என்ற வேலைக்காரி வேடம். அவ்வீட்டுக் குடும்பத்தார் வாய் திறக்க அஞ்சும் இடத்தில், அவர்களுக்காகச் சம்பந்தி வீட்டு மனிதரோடு மல்லுக்கு நிற்பவள் அவள். ஊதியத்துக்கு வேலை செய்யும் வீட்டின் மானத்தைத் தன் மானமாகக் கருதும் அந்தப் பெண்ணின் அதட்டலும் பரிவும் ஏட்டிற் படித்து வருவன அல்ல. பதினொரு வயதிற் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிய கைகள் அவை.

1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கமல்ஹாசனின் வளர்ப்புத் தாய், அதே ஆண்டு பார்த்திபனின் ‘புதிய பாதை’க்காகச் சிறந்த துணை நடிகை என்ற இந்திய தேசிய விருது. ‘நடிகன்’ படத்தில், கிழவராக வேடமிட்டு வந்த சத்யராஜை உண்மைக் கிழவரென நம்பிக் காதல் கொள்ளும் முதுகன்னி. ‘சின்னக் கவுண்ட’ரில் முன்னே துருத்திய பற்களைப் பொருத்திக்கொண்டு, விஜயகாந்தின் தாயாக வந்தார். அழகைக் கெடுத்துக்கொள்ளத் துணிவதும் ஒரு கலைதான். ‘இந்தியன்’ படத்திலோ, கணவன் இறந்ததற்கான உதவிப் பணத்துக்காக அலுவலகப் படியேறி இறங்கும் ஏழைக் கிழவி. சில நிமிடங்களே வருகிறார். சிரிக்கத் தொடங்கும் நாம் நடுவில் நிறுத்திவிடுகிறோம்.

1988இல் ஏவி. எம். நிறுவனம் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ என்றொரு படம் எடுத்தது. படத்தின் பெயரிலேயே பாட்டி. அந்தப் பாட்டி மனோரமா! இருபத்தொரு வயதில் கிட்டாத முதலிடம் ஐம்பத்தொரு வயதில், அதுவும் நரைத்த தலையோடு, வந்து சேர்ந்தது.

இவற்றுட் சிலவற்றை நாம் தியேட்டரிற் பார்க்கவில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரத்து ராணிக்கும் ராஜாவுக்கும் வின்ஸருக்கும் பஸ் ஏறிப்போய் ரிக்கற் வரிசையில் நின்ற காலம் மலையேறிவிட்டிருந்தது. டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்குக் கொண்டுவந்து, வீட்டு முற்றத்தில் வைத்து, ஓர் இரவில் மூன்று நான்கு படம் பார்ப்போம். அயலட்டையெல்லாம் பாயோடு வந்து சேரும். ‘சின்னத்தம்பி’யில் வெள்ளைச் சேலையணிந்த விதவைத் தாயாக மனோரமா அவமானப்படும் காட்சி வந்தபோது முற்றத்தில் எழுந்த விம்மல் இன்னும் நம் காதில் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றது. எவரும் எழுந்து போகவில்லை. எங்கோ போய் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றும்வரை இருட்டிலே காத்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் மேடையிலிருந்து திரைக்குச் சென்றவர்கள் உண்டு. நவாலியில் வளர்ந்த ஏ. ரகுநாதன் ‘கடமையின் எல்லை’யில் நடித்தார், 1968இல் ‘நிர்மலா’ என்ற படத்தைத் தயாரித்தும் நடித்தார். ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பால் பஸ் கொண்டக்டரை நம் கண்முன் நிறுத்திய கே. எஸ். பாலச்சந்திரன், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவாகி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்’றிலே தோன்றினார். ஆற்றலில் இவர்கள் எவருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் ஆண்டுக்கொன்றோ இரண்டோ படம் வரும் நாட்டில், ஒருவர் எத்தனை வேடத்தைத்தான் கட்ட முடியும்? பாலச்சந்திரன் 2014இல் கனடாவிலும், ரகுநாதன் 2020இல் பாரிஸிலும் காலமாயினர். இவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மனோரமா 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி சென்னையிற் காலமானார்.

இரு வாரங்கள் கழித்து மறுபடியும் அந்த மண்டபத்துக்குப் போனோம். பாண்டிமாதேவிக்கு வேறொரு பிள்ளையைப் பிடித்திருந்தார்கள். நம் மாணவி தலையில் ஒரு பழந்துண்டைச் சுற்றிக்கொண்டு, கோலும் கையுமாக நின்றாள். தன் ஆச்சி அடுப்படியில் குந்தியிருக்கும் விதத்தை வீட்டில் இருந்து பார்த்தாளாம். எழும்பும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் சுவரைத் தேடும் விதத்தையும் பார்த்தாளாம். ஒத்திகை தொடங்கியது. கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் உறங்குவதைக் கண்டு வந்தி ஏசும் இடம். கோலை ஓங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். வாங்கிலே இருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் ஓங்கிய கோலை இறக்காமல், சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றாள். அடங்கியபின் அடுத்த வார்த்தையைச் சொன்னாள். ஆசிரியை நம்மைத் திரும்பிப் பார்த்தார். அதைத் தாம் பழக்கவில்லை என்றார்.

முடிந்ததும் மாணவி நம்மிடம் ஓடிவந்தாள். பாராட்டைக் கேட்க வருகிறாள் என்று எண்ணினோம்.

“சேர், வந்தி பிட்டு அவிக்கிறதுக்கு எங்கடை வீட்டு நீத்துப்பெட்டியைக் கொண்டு வரட்டோ? மதுரையிலை நீத்துப்பெட்டி இருந்ததோ?”

நமக்கு மறுமொழி தெரியவில்லை. தாயார்தான் வாசலில் நின்று சொன்னார்: “கொண்டு வா, பிள்ளை. சொக்கநாதர் பறையமாட்டார்.”